ஒரு குறுக்குக்கோடும் பதினைந்து லட்சமும்: ஒரு கார் பாலிசியின் கதை

கார் பாலிசிக்கான புரபோசல் பார்மில், அதாவது பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பத்தில், ஒரு கேள்வி உண்டு. ஓட்டுநருக்குப் பார்வைக் குறையோ, செவிக் குறையோ, வேறு உடற்குறையோ உண்டா? உண்டென்றால் விவரம் தருக. வண்டி இன்சூரன்சுக்கு விதியும் கட்டணமும் வகுத்து 2002-ல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிப்பின் மாதிரிப் படிவத்திலேயே அது இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக நெல்லையில் ஏஜென்ட் வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்வியை வாய்விட்டுப் படித்து யாரிடமும் பதில் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பேனா அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ஒரு குறுக்குக்கோடு இழுக்கும், அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

அப்படி நான் இழுத்த ஒரு கோட்டைப் பற்றியது இது. அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் பெயரோ, கம்பெனியோ, ஆஸ்பத்திரியோ எங்கும் வராது.

அவருக்கு வயது 52. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவர். கார் 1,197 சிசி. எட்டு வருடத்துக்கு முன்பு ஷோரூமில் டெலிவரி எடுத்த அன்று, மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்ற வண்டியின் பானட் மேல் வைத்துத்தான் பார்மை நிரப்பினேன். அப்போது அவர் சர்க்கரைக்கு மாத்திரைதான் எடுத்துக்கொண்டிருந்தார். இன்சுலின் ஊசி வந்தது நான்கு வருடம் கழித்து. அதற்குப் பிறகும் பாலிசி ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்பட்டது. போனுக்கு லிங்க் வரும், பணம் கட்டுவார், பாலிசி வந்துவிடும். உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் அந்த லிங்கில் கிடையாது.

ஒருநாள் கோவில்பட்டியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். இரவு ஒன்பது மணி சுமாருக்கு, கயத்தாறு தாண்டி நான்குவழிச் சாலையில் வண்டி நடுத்திட்டில் ஏறி, அரளிச்செடிகளை முறித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. எதிரே வந்த பைக்காரர் ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது. 108 வந்து இருவரையும் ஏற்றிப்போனது. இவர் மறுநாள் இரவு இறந்துபோனார். தலைக்காயத்தால் மரணம் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது.

ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ஒரு எண் இருந்தது. சேர்க்கையின்போது ரத்த சர்க்கரை 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே என்றால் கை நடுங்கும், வியர்க்கும், புத்தி மங்கும், சில பேருக்கு நினைவே தப்பும்.

இன்னொன்று, சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் எடுத்த போட்டோ. முன் சீட்டுக்குக் கீழே ஒரு பரோட்டா பார்சல். பிரிக்கவே இல்லை. நூல் கட்டிய சால்னாப் பை கூட உடையாமல் கிடந்தது. வண்டியின் முன்பக்கம் அப்பளமாகியிருக்க, அந்தப் பை மட்டும் முழுசாக இருந்ததை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. ஊசி போட்டுக்கொண்டு, வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாரா? கல்யாண வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு, மகளுக்காக வாங்கிய பார்சலா அது? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் போட்டோவை வைத்து இரண்டு பக்கமும் வாதாட முடிந்தது.

மூன்று கிளெய்ம்

கார் பாலிசி என்று நாம் ஒருமையில் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. சொந்த வண்டிச் சேதம், மூன்றாம் நபர் இழப்பீடு, உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஒரே ஆள், ஒரே நோய், ஒரே இரவு. மூன்றும் மூன்று மாதிரி போயின.

வண்டிச் சேதத்தில் சிக்கல் வரவில்லை. டோட்டல் லாஸ் என்று சர்வேயர் எழுதினார், ஐடிவி தொகை (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) வந்து சேர்ந்தது. சர்க்கரை என்ற சொல்லே அந்த பைலில் இல்லை.

பைக்காரர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவில் (2019 திருத்தத்துக்கு முன்பு அது 149) இன்சூரன்ஸ் கம்பெனி எதையெல்லாம் எதிர்வாதமாக வைக்கலாம் என்று பட்டியல் இருக்கிறது. லைசென்ஸ் இல்லை, பந்தயம் ஓட்டினார், போதையில் இருந்தார் என்று போகும் அந்தப் பட்டியலில் ஓட்டியவரின் நோய் இல்லை. ஆனால் முக்கியத் தகவலை மறைத்துப் பெற்ற பாலிசி செல்லாது என்று வாதாட இடம் உண்டு. அதைக் கம்பெனி எடுக்கவே இல்லை. லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், உட்கார்ந்து பேசி, பைக்காரருக்கு ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொண்டார்கள். என் பார்வையில் இந்த வழக்கின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. பாலிசியே செல்லாது என்று உண்மையிலேயே நினைத்திருந்தால் அதைச் சொல்லவேண்டிய இடம் இதுதான். அங்கே வாய் திறக்காத கம்பெனி, விதவையிடம் வந்ததும் சட்டப்புத்தகத்தைப் பிரித்தது.

மூன்றாவதுதான் தனிநபர் விபத்துக் காப்பீடு. முன்பெல்லாம் காருக்கு இது இரண்டு லட்சம்தான், டூவீலருக்கு ஒரு லட்சம். சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் போட்ட உத்தரவுக்குப் பிறகு, 2018-ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அதைப் பதினைந்து லட்சமாக உயர்த்தியது. வருடத்துக்குச் சில நூறு ரூபாய். வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்களே அதிகம். பாலிசியில் இந்தப் பகுதியில் மட்டும் ஒரு விலக்கு வாசகம் இருக்கிறது. வேண்டுமென்றே செய்துகொண்ட காயம், தற்கொலை, தற்கொலை முயற்சி, உடற்குறை அல்லது உடல் பலவீனம், இவற்றால் நேரடியாகவோ மறைமுகமாகவோ, முழுதாகவோ பகுதியாகவோ விளைந்த மரணத்துக்கு இழப்பீடு கிடையாது. தற்கொலையும் உடல் பலவீனமும் ஒரே மூச்சில், கமா கூடச் சரியாகப் போடாமல், ஆங்கிலத்தில் அடுத்தடுத்து அச்சாகி இருக்கும். பாலிசி கொடுத்த நான் அதை முழுதாகப் படித்தது இந்தக் கிளெய்மின்போதுதான்.

இரண்டாம் பக்கம்

மறுப்புக் கடிதம் நான்கு மாதம் கழித்து வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் இரண்டு காரணம்: விபத்து தாழ்சர்க்கரையால் நேர்ந்தது, ஆகவே விலக்கு பொருந்தும், புரபோசலில் நோயை மறைத்திருக்கிறார்.

இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது காரணம். காலஞ்சென்றவர் இரண்டு ஆண்டுகளாக மனச்சோர்வுக்கான மாத்திரை உட்கொண்டு வந்துள்ளார். விபத்து நேர்ந்ததில் வேறு வாகனத்தின் பங்கு இல்லை. இந்தக் கோணத்தையும் நிராகரிப்பதற்கில்லை. மாத்திரையின் பெயரும் மில்லிகிராம் அளவும் போட்டிருந்தது.

அந்தம்மா கடிதத்தை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தார். மகள் காலேஜில் இருந்தாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் என்னிடம் நீட்டினார்.

“அண்ணாச்சி, இது எந்த மாத்திரையச் சொல்லுதாங்க?”

நான் படிப்பது போல நேரம் கடத்தினேன்.

“சுகருக்கு ஊசி, பிரஷருக்கு ஒரு மாத்திரை. அவுகளுக்கு அவ்வளவுதானே. நாந்தானே எடுத்துக் குடுப்பேன்.”

கம்பெனிக்குத் தெரிந்திருந்தது, கிளெய்மை விசாரிக்க அவர்கள் அனுப்பிய இன்வெஸ்டிகேட்டருக்குத் தெரிந்திருந்தது, கடிதத்தை டைப் அடித்தவருக்குத் தெரிந்திருந்தது. மனைவிக்குத் தெரியாது. ஆபீஸ் பையில் தனியாக ஒரு அட்டை வைத்திருந்திருக்கிறார். எமர்ஜென்சி வார்டில் டூட்டி டாக்டர் பையைத் திறந்து, கிடைத்த மாத்திரை அட்டைகளின் பெயரையெல்லாம் கேஸ் ஷீட்டில் ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’ என்று வரிசையாக எழுதியிருக்கிறார். அவர் செய்தது சரி. உயிரைக் காப்பாற்ற வந்தவருக்கு அது தெரிந்தாக வேண்டும். அந்த வரி அங்கேயிருந்து கடிதத்துக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

விடை என்னிடமே இருந்தது. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள், கிளெய்ம் தாள்களில் அந்தம்மாவிடம் கையெழுத்து வாங்கியது நான். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் அழுதுகொண்டே போட்டார். அதில் ஒரு தாள் ஒப்புதல் கடிதம்: எந்த மருத்துவமனையிலிருந்தும், எந்தக் காலத்துக்குரிய ஆவணத்தையும், கம்பெனியோ அதன் பிரதிநிதியோ பெற்றுக்கொள்ளலாம். எந்தக் காலம், எந்த ஆஸ்பத்திரி என்ற வரம்பே இல்லை. அதை வைத்து இன்வெஸ்டிகேட்டர் மொத்த கேஸ் ஷீட்டையும் ஜெராக்ஸ் எடுத்தார்.

நோயாளி தன்னிடம் சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையில் இருக்கிறது. நீதிபதி உத்தரவு, பிறருக்கு நேரும் கடுமையான ஆபத்து, அறிவிக்கவேண்டிய தொற்றுநோய், இந்த மூன்றுக்குத்தான் விதிவிலக்கு. அதே நெறிமுறையில், நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தரவேண்டும் என்றும் இருக்கிறது. ஆக, ஆஸ்பத்திரி மேல் குற்றம் சொல்ல வழியில்லை. அவர்களிடம் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள் உடல்நலம், மனநலம், மருத்துவ வரலாறு எல்லாவற்றையும் அந்தரங்கத் தகவல் என்று தனி வகையில் வைத்து, வாங்கிய காரியத்துக்கு மட்டும்தான் பயன்படுத்தவேண்டும் என்கின்றன. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டத்தில் அந்தத் தனி வகையே இல்லை. அதில் ரத்த ரிப்போர்ட்டும் போன் நம்பரும் ஒரே தட்டில்தான். இது முன்னேற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் அன்றைக்கு அந்தத் தாளில் செய்திருக்கவேண்டியது சின்ன வேலை. ‘எந்த மருத்துவமனையிலிருந்தும்’ என்பதை அடித்துவிட்டு, இந்த ஆஸ்பத்திரியில் இந்த இரண்டு நாள் சிகிச்சை ஆவணம் மட்டும் என்று எழுதி, பக்கத்தில் அந்தம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கலாம். அந்த மாத்திரையின் பெயர் அதிலும் வந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் எதற்காகத் தருகிறோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்தத் தகவலை இப்படி ஒரு சந்தேகமாகத் திருப்பி எழுதியதை அப்போதே கேள்வி கேட்டிருக்க முடியும்.

விலை இல்லாத கேள்வி

ஆற அமர யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. காருக்கு மூன்றாம் நபர் பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. 1,000 சிசிக்கு மேல் 1,500 வரை 3,416 ரூபாய். 2022 ஜூனில் வந்த கட்டணம் அது. ஓட்டுகிறவர் கபடி வீரராக இருந்தாலும், மூன்று வேளை ஊசி போடுகிறவராக இருந்தாலும் அதே 3,416. வண்டிச் சேத பிரீமியம் ஐடிவி, சிசி, வண்டியின் வயது, சென்னை போன்ற பெருநகரமா மற்ற ஊரா, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) எவ்வளவு என்பதைப் பொறுத்தது. உடம்பைப் பற்றிய பதிலுக்கு எங்கள் சிஸ்டத்தில் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ செய்து நான் பார்த்ததில்லை. வாங்கும்போது அந்தக் கேள்விக்கு விலை கிடையாது. செத்த பிறகு அதன் விலை பதினைந்து லட்சம்.

லைசென்ஸ் பக்கம் போனாலும் இதே கதைதான். ஆர்டிஓ ஆபீசில் கொடுக்கும் படிவம் 1-ல், வலிப்போ, எந்தக் காரணத்தாலாவது திடீரென நினைவு தப்புவதோ தலைசுற்றலோ உண்டா என்று கேட்கிறார்கள். 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்று பட்டியல் போகிறது. நாற்பது தாண்டினால் டாக்டர் சான்றும் வேண்டும். ‘உண்டு’ என்று எழுதினால் என்ன ஆகும், எத்தனை மாதம் நோய் கட்டுக்குள் இருந்தால் மறுபடி ஓட்டலாம் என்பதற்கு அந்தப் படிவத்தில் வழியே இல்லை. உள்ளே போக மட்டும் வாசல் இருந்து வெளியே வர வாசல் இல்லாத வீட்டுக்குள் எவன் போவான்? எல்லாரும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவார்கள், எழுதுகிறார்கள்.

பிரிட்டனில் இன்சுலின் போடுகிறவர் லைசென்ஸ் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவித்தால் லைசென்சைப் பிடுங்குவதில்லை. ஒன்று முதல் மூன்று வருடத்துக்குக் கொடுத்து, பிறகு புதுப்பிக்கிறார்கள். ஓட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்குள் சர்க்கரை பார்க்கவேண்டும், நீண்ட பயணத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். வலிப்பு என்றால் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால் கார் ஓட்டலாம். இப்படி ஒரு கணக்கு இருக்கும்போது மனிதன் உண்மையைச் சொல்லத் துணிகிறான். இன்சூரன்சிலும் 2012-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. வேண்டுமென்றே பொய் சொன்னால் பாலிசி ரத்து. கவனக்குறைவாகத் தவறான பதில் சொல்லியிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் எவ்வளவு பிரீமியம் கேட்டிருப்பார்களோ அதற்கும் கட்டியதற்கும் உள்ள விகிதத்தில் கிளெய்மைக் குறைக்கலாம். அந்த அளவுகோலை எங்கள் வழக்கில் வைத்துப் பாருங்கள். சர்க்கரையைச் சொல்லியிருந்தாலும் அதே பிரீமியம்தான். விகிதம் நூற்றுக்கு நூறு. பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று கம்பெனி நிரூபித்தால் ஒழிய முழுத்தொகையும் தரவேண்டியிருக்கும்.

கோடு என்றால் என்ன அர்த்தம்

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். அதே கடிதத்தை வேறு தேதியில் அனுப்பினார்கள். அடுத்தது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், கம்பெனிகள் மேல் வரும் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர். சென்னை தேனாம்பேட்டையில் அலுவலகம், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுதான். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். மனுவை மகளே எழுதினாள். நான் கூட இருந்து படித்தேன்.

மூன்று விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். முதலாவது, சர்க்கரை பார்த்த நேரம். விபத்து ஒன்பது மணிக்கு, கேஸ் ஷீட்டில் அந்த 48 பதிவானது 10.50-க்கு. இடையில் ஒருவர் அடிபட்டு, ஒன்றும் சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். உடலில் ஊசி மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது. பத்து ஐம்பதுக்கு 48 என்பதால் ஒன்பது மணிக்கும் 48 என்று எப்படிச் சொல்வது? விலக்கு வாசகத்தைக் காட்டி மறுப்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். கம்பெனியிடம் அந்த எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை, பரோட்டா பார்சலைத் தவிர.

இரண்டாவது, புதுப்பிக்கும்போது கேள்வியே கேட்கவில்லை. பாலிசிதாரர் நலன் பாதுகாப்புக்கு 2002-ல் வந்த விதிகளிலேயே இது இருந்தது. புரபோசல் பார்ம் இல்லாமல் பாலிசி தந்தால், வாங்கிய தகவலைக் கம்பெனி பதிவு செய்து பாலிசிதாரரிடம் உறுதிப்படுத்தவேண்டும். அப்படிப் பதிவாகாத தகவலை மறைத்தார் என்றால் நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது.

மூன்றாவது, அந்தப் பழைய பார்ம். கம்பெனி ஒரிஜினலைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. என் அலமாரியில் ஜெராக்ஸ் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதியிருப்பேன் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். எழுதவில்லை, வெறும் கோடு. கோடு என்றால் இல்லை என்று அர்த்தம் என்றது கம்பெனி. கோடு என்றால் பதில் தரப்படவில்லை என்றாள் மகள். வெளிநாட்டுப் பயண மெடிகிளெய்ம் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னதை மனுவில் சேர்த்திருந்தாள்: பார்மில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லவேண்டியது கம்பெனி, அப்படியே பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பாலிசி கொடுத்துவிட்டு, கிளெய்ம் வரும்போது மறைத்தார் என்று சொல்ல முடியாது.

“மாமா, நீங்க அன்னைக்குச் சோம்பேறித்தனப்பட்டது நல்லதாப் போச்சு” என்றாள். சிரிக்கவும் முடியவில்லை. நான் ஒழுங்காகக் கேட்டு எழுதியிருந்தால் அவர், ‘சுகர் உண்டு’ என்று சொல்லியிருப்பார். மறைக்கிற ஆள் இல்லை அவர். இந்த வாதமே வந்திருக்காது.

விசாரணை வீடியோவில் நடந்தது. பத்து நிமிடம் இருக்கும். கம்பெனி அதிகாரியிடம் கேட்ட முதல் கேள்வியே, லோக் அதாலத்தில் இதே பாலிசிக்கு நீங்கள் பணம் கொடுத்தீர்களா என்பதுதான். ஆமாம் என்றார். அதற்குப் பிறகு காற்று மாறிவிட்டது. சமரசமாக, வட்டி இல்லாமல், பதினைந்து லட்சமும் தர ஒப்புக்கொண்டார்கள்.

மகள் கையெழுத்துப் போட மறுத்தாள். பணம் சரி, அந்த இரண்டாம் பக்கத்தை வாபஸ் வாங்கி ஒரு கடிதம் தரச் சொல்லுங்கள் என்றாள். அப்பா அப்படிப் போகவில்லை என்று அவர்கள் எழுதித் தரட்டும். அதற்கு அங்கே வழி இல்லை. சமரசத்தில் தொகை எழுத இடம் இருக்கிறது, இதை எழுத இடம் இல்லை. தாய்தான் கடைசியில், “போதும்ளா, போடு” என்றார்.

பணம் வந்த பிறகு பைலைத் திருப்பிக் கொடுக்க வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒரு செட் ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி வாங்கி வந்தேன். பாலிசி, எப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, கேஸ் ஷீட், ஓம்புட்ஸ்மன் தாள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மறுப்புக் கடிதத்தில் முதல் பக்கம் மட்டும்தான் இருந்தது. ஸ்டேப்ளர் பின் இருந்த மூலையில் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை.